எழுபது வளைவும் ஒரு சமன்பாடும்

என் அக்காவின் பிள்ளை கணக்குப் பரீட்சையில் தோற்றுவிட்டான்.

உலகத்தில் நடக்காத அதிசயம் அல்ல இது. கணக்கில் தோற்றவர்களை மட்டும் ஒரு தேசமாகச் சேர்த்தால் அது பெரிய வல்லரசாக இருக்கும். நானும் அந்தத் தேசத்துப் பிரஜைதான். ஆனால் கூடப் பிறந்தவள் டெலிபோனில் அழும்போது இந்த மாதிரி வேடிக்கையெல்லாம் வாயில் வருமா?

"ஒரு வாரமா ரூமை விட்டு வெளியே வரலைடா. கூப்பிட்டா வர்றான், சாப்பிடறான், போயிடறான். ஊருக்கெல்லாம் எழுதறியே, இவனுக்கு நாலு வார்த்தை சொல்லேன்" என்றாள்.

கதை எழுதுகிறவனிடம் எல்லோரும் கேட்பது அந்த நாலு வார்த்தையைத்தான். அது கைவசம் இருந்தால் அவன் ஏன் நானூறு பக்கம் எழுதுகிறான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

"எதிலே தோற்றானாம்?" என்று கேட்டேன்.

"என்னமோ டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனாம். எனக்கென்ன தெரியும்?"

எனக்குத் தெரியும். அந்தப் பெயரைக் கேட்டதும் வயிற்றில் ஏதோ புரண்டது. இருபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் சில பெயர்களுக்கு அந்தச் சக்தி இருக்கிறது.

நான் கல்லூரியில் படித்தது இரண்டே வருஷம். அந்த இரண்டாம் வருஷக் கடைசிப் பரீட்சையில் என்னைக் கவிழ்த்ததும் இதே சமன்பாடுதான். இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, மாறாத கெழுக்களோடு. கேள்வி சுலபமாகத்தான் ஆரம்பித்தது. பாதி வழியில் ஓர் இடத்தில் என் பேனா நின்றது. நின்றது நின்றதுதான். ஒரு மணி நேரம் முன்னதாகவே காகிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்கப்புறம் கல்லூரிப் பக்கம் போகவில்லை.

பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கியபோது தெரு முழுவதும் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மார்க்கு?" எதிர்வீட்டுப் பாட்டி கேட்டாள், தபால்காரர் கேட்டார், முடி வெட்டுகிறவர் கத்தியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். அப்பா மட்டும் அதைக் கேட்கவில்லை. அவர் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். மூன்று பத்தி எண்களைக் கண்ணாலேயே கூட்டுவார். சாயங்காலம் வந்தார், திண்ணையில் உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றினார். "சரி, அப்புறம்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். பிள்ளை தோற்றது கூட இவருக்கு ஒரு பொருட்டில்லையே என்று எனக்கு அன்று வந்த கோபம் ரொம்ப வருஷம் தீரவில்லை.

இப்போது அக்காவின் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? வீட்டுக்கு வரவழைத்து எதிரே உட்கார வைத்துப் புத்தி சொன்னால் அவன் ஓடிப்போவான். நானாயிருந்தாலும் ஓடுவேன். கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதர் மிளகும் பலாவும் போட்டிருக்கிறார். பழக்காலத்தில் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாடா, மலைக்குப் போய்ட்டு வரலாம்" என்று பையனைக் கூப்பிட்டேன். என்ன காரணமோ, வந்தான்.

கொல்லிமலை என்றால் பழைய ஆட்களுக்குக் கொல்லிப்பாவை ஞாபகம் வரும். சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை என்பது கதை. கணக்குப் பேப்பரும் அந்த ஜாதிதான். முதல் கேள்வி சிரிக்கும், நம்பிப் பக்கத்தில் போனால் தெரியும் சேதி. இதைப் பையனிடம் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விழுங்கினேன்.

நாமக்கல்லில் பஸ் ஏறினோம். கடைசி ஸீட்தான் கிடைத்தது. அந்த பஸ் யாருடையது என்று சொல்லப்போவதில்லை. அதன் வயசை மட்டும் சொல்லலாம்: ஓய்வு பெற வேண்டிய வயசு. சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் வேகத்தடை ஒவ்வொன்றிலும் நாங்கள் கூரையைத் தொட்டுத் தொட்டு இறங்கினோம். பின்சக்கரத்துக்கும் பின்னால் உட்கார்ந்தவனுடைய விதி அது. தடையைத் தாண்டின பிறகும் பஸ் நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போயிற்று.

அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்தான். "அஞ்சு."

"என்னது?"

"அஞ்சு தரம் ஆடி அடங்குது மாமா. ஷாக் அப்சார்பர் போயிடுச்சு. எண்ணெயெல்லாம் ஒழுகியிருக்கும்."

ஒரு வாரமாகப் பேசாதவன் பேசுகிறான். அவசரப்பட்டுக் கெடுத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். "எண்ணெய் இருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பினான். என் பேனாவை வாங்கினான்.

இந்த இடத்தில் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில், சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

பஸ்ஸின் உடம்பு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நம்மூரில் இது புதிதல்ல. மாட்டுவண்டிக்கு அடியில் இரும்புப் பட்டைகளை வளைத்துக் கட்டி அதை வில்வண்டி என்றோம். வில் என்ற சொல்லே போதும். வளைத்தால், பழைய இடத்துக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிற பொருள். எவ்வளவு தூரம் இழுத்தாயோ அவ்வளவு பலமாக அது திருப்பி இழுக்கும். இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி இந்த விதியைக் கண்டுபிடித்ததும், வேறு எவனாவது தட்டிக்கொண்டு போய்விடப் போகிறானே என்று பயந்து, 1676-ல் எழுத்துக்களைக் கலைத்துப்போட்டு ஒரு புதிர் மாதிரி அச்சிட்டார். விடையை 1678-ல்தான் வெளியிட்டார். விஞ்ஞானிகளும் நம்மைப்போலத்தான்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவதற்கு ஷாக் அப்சார்பர். ஒரு குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு தண்டு. மெதுவாக அசைத்தால் விட்டுக்கொடுக்கும், வேகமாக அசைத்தால் எதிர்க்கும். ஸ்பிரிங் பார்ப்பது, வண்டி இடத்தை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை. எண்ணெய் பார்ப்பது, என்ன வேகத்தில் அசைகிறது என்பதை. மூன்றாவதாக, வண்டியின் கனம். அது பார்ப்பது, வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதை. இந்த மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். இதுதான் சமன்பாடு, வேறு பூதம் ஒன்றுமில்லை. வேகம் என்பது இடத்தின் மாறுதல். வேகத்தின் மாறுதல் மாறுதலுக்கே மாறுதல். ஆகவே இரண்டாம் வரிசை. கனமும் ஸ்பிரிங்கின் பலமும் எண்ணெயின் கெட்டியும் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாறாமல் இருந்தால், மாறாத கெழுக்கள்.

ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டில் கண்டுபிடிக்க வேண்டியது ஓர் எண் அல்ல. அடுத்த நிமிஷமும் அதற்கடுத்த நிமிஷமும் வண்டி எங்கே இருக்கும் என்கிற முழுச் சரித்திரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

ஊகம்தான். இது எனக்குக் கல்லூரி நாளிலேயே திகைப்பாக இருந்தது. கணக்கில் ஊகத்துக்கு இடமுண்டா? உண்டு. வட்டிக்கு வட்டி வளர்கிற பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்கபடி அது வளர்கிறது. வளர்கிற வேகமும் பணத்தின் ஜாடையிலேயே இருக்கிறது. வேகத்தின் வேகமும் அதே ஜாடை. ஆற வைத்த காப்பியும் இப்படித்தான் ஆறுகிறது, ஆனால் இறங்குமுகமாக. விடை இந்த ஜாடையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சமன்பாட்டில் போட்டால் மூன்று உறுப்பிலும் அதே முகம். பொதுவாக இருப்பதை அடித்துவிடலாம். மிச்சம் நிற்பது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த இருபடிச் சமன்பாடு! இரண்டு மூலங்கள், இரண்டு விடைகள். அவற்றை எந்த அளவில் கலந்து கூட்டினாலும் அதுவும் விடை. மலை ஏற வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தவனை வீட்டு மாடிப்படி ஏறச் சொன்ன மாதிரி.

இந்த வழியைக் கண்டவர் லெயன்ஹார்ட் ஆய்லர். ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்துக்காரர். ரஷ்யாவில் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபோது, 1739-ல், தம்முடைய பழைய குரு யோஹான் பெர்னூலிக்கு இதைக் கடிதத்தில் எழுதினார். அச்சில் வந்தது 1743-ல். அந்தக் கடிதம் எழுதும் காலத்தில் அவருக்கு வலது கண்ணில் பார்வை போயிருந்தது.

பையன் டிக்கெட்டில் எழுதியது இவ்வளவுதான்:

ம² + 5ம + 4 = 0
ம² + 4ம + 4 = 0
ம² + 3ம + 4 = 0

"கடைசி 4 ஸ்பிரிங் மாமா. அதை மாத்தலை. நடுவிலே இருக்கறதுதான் எண்ணெய். 5-ன்னா நிறைய எண்ணெய், 3-ன்னா கொஞ்சம்."

நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து 16-ஐக் கழிக்க வேண்டும். முதலாவதில் 25-லிருந்து 16 போனால் 9. மூலங்கள் −1, −4. இரண்டும் மெய்யெண், இரண்டும் இறங்குமுகம். வண்டியை அமுக்கிவிட்டால் அது ஆடாமல், சோம்பேறி மாதிரி மெதுவாகப் பழைய இடத்துக்கு வரும். மூன்றாவதில் 9-லிருந்து 16 போனால் −7. குறை எண்ணுக்கு ஏது வர்க்கமூலம்? கற்பனை எண் உள்ளே நுழைகிறது. கற்பனை நுழைந்தால் ஆட்டம்! வண்டி ஆடி ஆடி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடக் குறைந்து அடங்குகிறது. குதிக்கிற பஸ்ஸில் கற்பனை எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1740-ல் ஆய்லர் பெர்னூலிக்கு எழுதிய இன்னொரு கடிதம் இதைத்தான் விளக்குகிறது. கற்பனை எண்ணை ஏந்திய அந்த வட்டிக்கு வட்டி ஜாடையில் இரண்டைக் கூட்டினால், ஊஞ்சல் ஆடுகிற அதே வளைகோடு கிடைக்கிறது. இரண்டும் ஒரே சமன்பாட்டின் விடைகள். ஆகவே இரண்டும் ஒன்றே.

நடுவிலிருப்பதுதான் விசேஷம். 16-லிருந்து 16 போனால் பூஜ்யம். இரண்டு மூலமும் −2. ஆட்டமும் இல்லை, சோம்பலும் இல்லை. ஆடாமல் திரும்புவதில் மிகச் சீக்கிரமான வழி இதுதான். ஆபீஸ் கதவுக்கு மேலே மாட்டியிருக்கிற கருவியை ஏறக்குறைய இந்த நிலைக்குத்தான் திருகி வைப்பார்கள், கதவு அறையாமல், அரை மணி நேரமும் ஆகாமல், சாத்திக்கொள்வதற்காக. காரையோ பஸ்ஸையோ அவ்வளவு தூரம் அடக்குவதில்லை. உட்கார்ந்திருப்பவர்களின் எலும்புக்கு ஒரு சின்ன ஆட்டம் நல்லது. காரின் ஒரு மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கிற மெக்கானிக் அந்த ஆட்டத்தைத்தான் எண்ணுகிறார். ஒன்றோடு அடங்கினால் சரி. எங்கள் பஸ்ஸைப்போல் ஐந்து என்றால் ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டியதுதான்.

"இவ்வளவு தெரிஞ்சவன் எப்படிடா தோத்தே?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பேனா முனையை நடுச் சமன்பாட்டின் மேல் வைத்தான். "இதுதான் கேட்டிருந்தாங்க. ரெண்டு மூலமும் ஒண்ணாயிட்டா ஒரு விடைதான் கையிலே இருக்கு. ரெண்டாவதுக்கு அதையே நேரத்தால பெருக்கிக்கணும்னு புஸ்தகத்துல இருக்கு. ஏன்னு இல்லை. பரீட்சையில உக்காந்து, ஏன், ஏன்னு யோசிச்சேன். கை நின்னு போச்சு."

பஸ் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எதிரே மலை பச்சைச் சுவர்மாதிரி நின்றது. எனக்குப் பேச்சு வரவில்லை. என் பேனா நின்றதும் அதே இடத்தில்தான்.

நல்லவேளையாக, இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கல்லூரியை விட்டு ஏழெட்டு வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடை ஒன்றில் நாவல் தேடப் போனவன் ஒரு கணிதப் புத்தகத்தைக் கண்டேன். பகையாளியை வழியில் கண்டதுபோல் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு வாங்கிவிட்டேன். அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. இப்போது வந்தது.

"ரெண்டு மூலமும் ஒண்ணா இருக்குன்னு வச்சுக்காதே. மயிரிழை வித்தியாசம்னு வச்சுக்கோ. ஒண்ணு −2, இன்னொண்ணு −2-ஐத் துளியூண்டு தாண்டி. ரெண்டு விடை. ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழி. அதுவும் விடைதானே?"

"ஆமா. ஆனா வித்தியாசம் பூஜ்யத்துக்குப் போயிடும்."

"போகட்டும். மூலங்களுக்குள்ளே இருக்கிற அந்தத் துளியாலேயே வகுத்துடு. துளியைத் துளியாலே வகுத்தா துளியா நிக்காது. ரெட்டைப் பிள்ளைகளைப் பார்த்திருக்கியா? பிறந்த அன்னைக்குப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. நாளாக ஆகத்தான் வித்தியாசம் தெரியும். வித்தியாசம் நாளுக்குத் தக்கபடி வளருது. அந்த நாள்தான் உன் புஸ்தகத்துல பெருக்கல்ல வர்ற நேரம்."

அவன் டிக்கெட்டைத் தொடையில் வைத்து ஏதோ வகுத்தான். எழுத இடம் போதாமல் என் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டான். காரவள்ளி வந்தது. அங்கேதான் மலைப்பாதை ஆரம்பம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. மூன்றாவது வளைவில் பஸ் சாய்ந்து, பையன் என் மேல் சாய்ந்து, "வந்துடுச்சு மாமா" என்றான். முகத்தில் சிரிப்பு.

மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. சோளக்காட்டில் இறங்கி டீ குடித்தோம். பழுத்த பலாவின் வாசனை கடைத்தெரு முழுவதும். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்கு அரசன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துக்கொண்டு போயிற்று என்று புறநானூற்றில் இருக்கிறது. பையன் சிலையை அண்ணாந்து பார்த்து, "இவர் வில்லும் ஸ்பிரிங்தான்" என்றான். ஓரி என்ன நினைத்தானோ!

அன்று இரவு சிநேகிதரின் தாழ்வாரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் கொண்டுவந்திருந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். மலை ஏறும்போதே மனசில் சேர்த்து வைத்தவை அவை.

இரண்டாம் வரிசைச் சமன்பாட்டின் விடையில் இரண்டு மாறிலிகள் நிற்கும். சமன்பாடு அவற்றைச் சொல்லாது. ஆடுமா, ஊருமா, எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். ஆனால் இந்த வண்டி இந்த நிமிஷத்திலிருந்து என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் இரண்டு செய்தி கொடுத்தாக வேண்டும்: இப்போது எங்கே இருக்கிறது? எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது? முதல் செய்தி மட்டும் போதாது. ஒரே இடத்தில் இரண்டு வண்டிகள் இருக்கலாம், ஒன்று மேலே வந்துகொண்டு, ஒன்று கீழே போய்க்கொண்டு. அந்த நிமிஷத்தில் போட்டோ எடுத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

"மார்க் லிஸ்ட் அந்த போட்டோ மாதிரிடா" என்றேன். "நீ எங்கே நிக்கறேன்னு மட்டும்தான் அது சொல்லும். எந்தப் பக்கம் போறேன்னு அதுக்குத் தெரியாது."

சொல்லும்போதே என் குரல் எனக்கு வித்தியாசமாகக் கேட்டது. ஊர் முழுவதும் என்னைக் கேட்டது முதல் கேள்வியை. திண்ணையில் உட்கார்ந்து அப்பா கேட்டது இரண்டாவதை. "சரி, அப்புறம்?" அந்த இரண்டு வார்த்தையை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு எத்தனை வருஷம் அவரிடம் முகம் கொடுக்காமல் இருந்தேன்! இதைச் சொல்லி வருத்தப்பட்டுக்கொள்ள இன்றைக்கு அவர் இல்லை.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது அவனுக்குள் போயிற்றா என்றும் தெரியவில்லை. கம்பளியை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

பதில் நாலாம் நாள் கிடைத்தது. திரும்பும் பஸ் செம்மேட்டில் இஞ்சினை ஓட்டிக்கொண்டே நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று உதறின. பேசினால் பல் தந்தியடித்தது. டிரைவர் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்ததும், ஆச்சரியம், உதறல் நின்றுவிட்டது. இஞ்சின் வேகம் கூடினால் உதறல் அல்லவா கூட வேண்டும்?

"ஒத்ததிர்வு மாமா" என்றான் பையன். ஊஞ்சலைத் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். ஊஞ்சலுடைய சொந்தத் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் குழந்தை தள்ளினாலும் உச்சிக்குப் போகும். தாளம் தப்பினால் பயில்வான் தள்ளினாலும் போகாது. கண்ணாடிக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. நிற்கிற பஸ்ஸின் இஞ்சின் அதில் போய் விழுந்துவிட்டது. 1831-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பிராட்டன் என்ற தொங்கு பாலத்தில் சிப்பாய்கள் ஒரே தாளத்தில் கால் வைத்து நடந்து பாலமே விழுந்தது. அதற்கப்புறம் பாலத்தின் மேல் தாளம் மாற்றி நடக்கும்படி பட்டாளத்தில் உத்தரவு. லண்டனில் 2000-ல் திறந்த மில்லெனியம் நடைபாலம், ஜனங்கள் நடந்ததில் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்து, இரண்டு நாளில் மூடப்பட்டது. பாலத்துக்கே ஷாக் அப்சார்பர் மாட்டி 2002-ல் மறுபடி திறந்தார்கள். ஆக, பூஜ்யம் இருந்த இடத்தில் வெளியிலிருந்து ஒரு தள்ளல் வந்து உட்கார்ந்தால் கணக்கு இன்னொரு அத்தியாயம்.

"அந்த அத்தியாயத்தைத்தான் நேத்து ராத்திரி யோசிச்சேன்" என்றான். "நீங்க சொன்னது பாதிதான் மாமா."

"எது பாதி?"

"எங்கே நிக்குது, எந்தப் பக்கம் போகுதுன்னு ரெண்டும் வேணும், சரி. ஆனா அதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த ரெண்டு மாறிலியும் எதோட ஒட்டிக்கிட்டிருக்கு? இறங்கிக்கிட்டே போற உறுப்போட. அது கரைஞ்சுபோயிடும். எங்கே ஆரம்பிச்சாலும், எப்படித் தள்ளிவிட்டாலும், கொஞ்ச தூரம் போனப்புறம் எல்லா வண்டியும் ரோடு ஆட்டறபடிதான் ஆடும். ஆரம்பம் மறந்துபோயிடும்."

நான் யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவம். கணக்கில் அது அப்படித்தான்.

"அப்போ மார்க்கும் மறந்துபோகும்னு சொல்லு" என்றேன்.

"மறக்கும். ஆனா எண்ணெய் இருக்கணும் மாமா. எண்ணெயே இல்லாத வண்டிக்கு நடு எண் பூஜ்யம். அது ஆரம்பத்தை மறக்கவே மறக்காது. ஆடிக்கிட்டே இருக்கும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் எழுபதாவது வளைவிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கியது. நான் பேசவில்லை. நாலு வார்த்தை சொல்ல வந்தவன் நான். வாங்கிக்கொண்டு போகிறவனும் நானேதான்.

வீடு வந்து சேர்ந்ததும் அக்காவுக்குப் பேசினேன். எடுத்த எடுப்பில், "மறுபடி எழுதினா எத்தனை மார்க்கு வருமாம்?" என்றாள்.

"அக்கா, நான் தோத்துட்டு வந்த அன்னைக்கு அப்பா என்ன கேட்டார்னு ஞாபகம் இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்: "கேட்டது ஞாபகம் இல்லைடா. அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடலை. அது ஞாபகம் இருக்கு. கொல்லையிலே, கிணத்தடியிலே ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். உன்கிட்டே சொல்லக் கூடாதுன்னுட்டார். 'பையன் பயந்துடுவான்'னார்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ரிஸீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

பையன் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருப்பான் போலிருக்கிறது. பையைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. அக்கா டெலிபோனை வைக்காமலே அவனைப் பார்த்துப் பேசினாள். மார்க்கைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"வாப்பா, முதல்ல சாப்பிடு" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்புறம் என்ன செய்யலாம்னு இருக்கே?" என்றாள்.

அவன் ஏதோ பதில் சொன்னான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சொன்னான்.